உறையிலிட்ட வெயில்

முதலில் அதைப் பிடிக்கிற விதத்தைச் சொல்லிவிட வேண்டும். விரல் நுனியால் தூக்கக் கூடாது. கண்ணாடியின் இரு விளிம்புகளை மட்டும் உள்ளங்கைகளுக்கு நடுவே தாங்க வேண்டும். ஜன்னல் பக்கமாகச் சாய்த்தால் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கும். விஷயம் இருப்பது மங்குகிற பக்கத்தில். அங்கே ஜெலட்டின் பூச்சு இருக்கிறது, பூச்சுக்குள் வெள்ளித் துகள்கள். விரல் பட்டால் ரேகை விழுந்துவிடும். நூறு வருடம் கழித்து எடுத்துப் பார்க்கிறவருக்குச் சூரியனோடு சேர்த்து உங்கள் கட்டைவிரலும் தெரியும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் ஒளிப்படக் கண்ணாடித் தட்டு அது. எதிர்ப்படம் என்பதால் வானம் வெளுத்தும் சூரியன் கறுத்தும் இருக்கும். ஏரியிலும் கொடைக்கானல் கடைத்தெருவிலும் முட்டிமோதுகிற சுற்றுலாக் கூட்டத்தில் சிலர் மேலே ஏறி ஆய்வகத்தின் சிறிய அருங்காட்சியகம் வரை வருகிறார்கள். அங்கே விழுகிற சூரிய பிம்பத்தைப் பார்த்து, ‘இவ்வளவுதானா’ என்று கேட்டுவிட்டு இறங்கிப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் அந்த இடத்தை ‘அப்சர்வேட்டரி’ என்பார்கள். 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் தட்டுகளாகவும் பிலிம்களாகவும் அங்கே சேர்ந்த கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நடுவே ஓர் அமெரிக்கப் பியானோக்காரர் வந்து போவார். அவர் ஏன் வருகிறார் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

தொடக்கம் தாது வருஷப் பஞ்சம். 1876-ல் தொடங்கி சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்துக்குப் பின், மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி அரசாங்கத்தின் கேள்வியானது. பதினொரு வருடத்துக்கு ஒருமுறை சூரியனில் கரும்புள்ளிகள் பெருகிக் குறைவதற்கும் தென்னிந்தியப் பஞ்சங்களுக்கும் தொடர்பு இருப்பதாக நார்மன் லாக்யரும் வில்லியம் ஹண்டரும் 1877-ல் கட்டுரை எழுதினார்கள். அந்தக் கணக்கு நிற்கவில்லை. ஆனால் அது ஓர் ஆய்வகத்துக்கு அடிக்கல்லானது. தப்பான காரணத்துக்காகக் கட்டப்பட்ட சரியான கட்டடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் இதை முதலில் எழுதலாம்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வான் ஆய்வகம் ஒன்று இருந்தது. அதன் பொறுப்பிலிருந்த மிக்கி ஸ்மித், முன்பு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர், நீலகிரியையும் பழனிமலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, 1893-ல் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895-ல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 அன்று சென்னையின் வானியல் வேலை முறைப்படி மலைக்கு மாறியது. கடல் மட்டத்துக்கு மேல் 2,343 மீட்டர். காலையில் வானம் துல்லியம், பத்து மணி தாண்டினால் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வரும். கொடைக்கானலில் ஒரு வாரம் தங்கியவர்களுக்கு இது தெரியும். துணி காயப் போடுகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இன்றைய வத்தலக்குண்டுச் சாலை வாகனங்களுக்குத் திறந்தது 1914-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டிறங்கி, பெரியகுளம் பக்கத்துத் தோப்பு வரை மாட்டுவண்டி. அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. துரைசானிகள் நாற்காலியில் அமர்ந்து நால்வர் தோளில் ஏறினார்கள். கேம்பிரிட்ஜில் செய்த கருவி 1904-ல் வந்தபோதும் நிலைமை அதுதான். லென்சும் ஆடியும் தட்டுப் பெட்டிகளும் தோளிலும் முதுகிலும்தான் ஏறியிருக்க முடியும். கண்ணாடியின் பயணத்தில் மிக ஆபத்தான பகுதி அந்த ஒற்றையடிப் பாதையின் பன்னிரண்டு மைல்தான். அதைச் சுமந்தவர்கள் பெயர் எந்த ஆய்வேட்டின் நன்றியுரையிலும் இல்லை.

அந்தக் கருவியின் பெயர் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப். பெயர்தான் கடினம், வேலை எளிது. வெளியே ஓர் ஆடி சூரியனைத் தொடர்ந்து திரும்பி ஒளியை உள்ளே அனுப்பும். ஒரு லென்ஸ் அதை அறுபது மில்லிமீட்டர் வட்டமாக, ஏறக்குறைய ஓர் எலுமிச்சம்பழ அகலத்தில், குவிக்கும். அந்த வட்டத்தின் குறுக்கே மயிரிழை போன்ற ஒரு பிளவு. பிளவு வழியாக நுழைந்த ஒளிக்கீற்றை முப்பட்டகம் நிறங்களாகப் பிரிக்கும். இரண்டாவது பிளவு ஒன்று அதில் ஒரே ஒரு நிறத்தை, ஊதாவின் ஓரத்தில் கால்சியம் காட்டுகிற ‘கே’ கோட்டை, மட்டும் விட்டு மற்றதையெல்லாம் மறித்துவிடும். அதன் பின்னால் தட்டு. பிளவு சூரியன் மேல் மெல்ல நகர நகர, தட்டில் கீற்றுக் கீற்றாகப் படம் விழும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை சூரியன் கோடுகளாக எழுதப்படும்.

இப்போது பியானோக்காரரை அழைத்துவிடலாம்.

கொடைக்கானலுக்கு ஆய்வகம் மாறிய அதே 1899-ல், செப்டம்பரில், மிசௌரி மாநிலத்தின் செடாலியா என்ற ஊரில் ஸ்காட் ஜாப்ளின் என்ற கறுப்பினக் கலைஞரின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ அச்சில் வந்தது. ராக்டைம் என்று அந்தப் பாணிக்குப் பெயர். நம் ராகத்துக்கும் அதற்கும் உறவில்லை. இடது கை ராணுவ அணிவகுப்பு போலச் சீராக நடக்க, வலது கை வேண்டுமென்றே தாளத்தின் விளிம்பில் தட்டித்தட்டிப் போகும். நம் மிருதங்கக்காரர்களுக்கு இதன் சுகத்தை விளக்கத் தேவையில்லை. ஜாப்ளின் வாசித்த ஒலிப்பதிவு உலகத்தில் ஒன்றுகூட இல்லை. இருப்பவை 1916-ல் அவர் வாசித்த சில காகிதச் சுருள்கள்தான். தானியங்கிப் பியானோவுக்கான துளையிட்ட சுருள்கள். சுருள் ஒரு பித்தளைப் பட்டியின் மேல் நகரும். பட்டியில் வரிசையாகத் துவாரங்கள். காகிதத் துளை பித்தளைத் துவாரத்தோடு ஒன்றுகிற நொடியில் காற்று உள்ளே பாயும், அந்தக் கட்டையை ஒரு துருத்தி அமுக்கும், ஸ்வரம் ஒலிக்கும்.

ஒன்றில் பட்டியின் மேல் காகிதம் நகர்கிறது, மற்றதில் பிளவு சூரியன் மேல் நகர்கிறது. இரண்டிலும் ஒரு முழுப் பொருள் நீண்ட சன்னமான வாசல் ஒன்றின் வழியாகக் கீற்றாக உள்ளே போய் மறுபக்கம் முழுசாக வெளிவருகிறது. இரண்டும் வெறுங்கண்ணுக்குப் பாதிதான் பேசும்; மீதியைச் சொல்ல ஒரு கருவியும், கருவியைப் பற்றிய குறிப்பும் வேண்டும். அந்தக் குறிப்புதான் இந்தக் கதையின் கரு. அதற்கு வருகிறேன்.

1907 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தார். கை வேலை தெரிந்த விஞ்ஞானி. வந்த கருவியை அவர் பிரித்துச் சரிசெய்த பிறகுதான் கால்சியம் படங்கள் அன்றாட வேலையாயின. பின்னர் ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டில் படம் எடுக்க இரண்டாவது கருவி ஒன்றையும் அமைத்தார். 1912 முதல் அந்த வரிசையும் தொடங்கியது. 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் நிறமாலைத் தட்டுகளை அளந்தபோது கோடுகள் கொஞ்சம் வளைந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று அதற்கு அர்த்தம். அவர் தேடியது சுழற்சி. முந்திய வருடம் அமெரிக்காவில் ஹேல் என்ற வானியலாளர், புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். அப்படியானால் அங்கே ஏதோ சுழல வேண்டும் என்று எல்லாரும் நினைத்தார்கள். தேடியது கிடைக்கவில்லை, கிடைத்ததை மறைக்கவும் இல்லை. ‘எவர்ஷெட் விளைவு’ என்று இன்றும் பாடநூல்களில் இருப்பது அந்தக் காலை வேலைதான். அவர் மனைவி மேரி சூரிய விளிம்பில் எழும் தீச்சுடர்களைப் பற்றி ஆய்வு செய்தார். அதோடு தாந்தேயின் வானியலைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். கொடைக்கானல் குளிரில் அந்த வீட்டில் இரவுப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

தட்டின் பிறந்த நாளுக்குத் திரும்புவோம். இருட்டறையில் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டத்தில் செருகுவார்கள். காலை வெயிலில் ஒருமுறை அதன் மேல் பிளவு நடக்கும். மறுபடி இருட்டறை. டெவலப்பரில் படம் எழும், ஹைப்போவில் நிற்கும், பிறகு ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். எத்தனை நேரம் அலசினார்கள் என்பது அன்று யாருக்கும் பெரிய விஷயமில்லை. நாற்பது வருடம் கழித்துத் தெரியும்: ஹைப்போ மிச்சமிருந்தால் தட்டு மஞ்சளிக்கும். குழாயடியில் ஒருவர் காட்டிய அவசரம் இன்றைக்கு ஒருவருக்குத் தரவுப் பிழையாக வந்து நிற்கிறது. உலர்ந்ததும் தேதி, நேரம், சூரியனின் துருவத் திசைக்கு அடையாளம், அப்புறம் உறை, அப்புறம் பெட்டி.

தட்டிலிருந்து முதல் பிரதி எடுத்தது எந்த இயந்திரமும் அல்ல, மனிதக் கை. 1904 முதல் கொடைக்கானலில் சூரிய வரைபடம் போடுகிற வழக்கம் இருந்தது. அச்சிட்ட வட்டத்தில் அட்சரேகைகளும் தீர்க்கரேகைகளும் இருக்கும். அன்றன்றைய படங்களைப் பார்த்து, புள்ளிகளை ஒரு நிறத்தில், கால்சியத்தின் பிரகாசத் திட்டுகளை ஒரு நிறத்தில், கரிய இழைகளை இன்னொரு நிறத்தில் வரைவார்கள். அடுப்படியில் கோலம் போடுகிற நிதானத்தோடு செய்ய வேண்டிய வேலை. நாளுக்கு ஒன்று, வருடக்கணக்கில், இயக்குநர்கள் மாறியும், அரசு மாறியும், நாடு சுதந்திரம் பெற்றும். 1971-ல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் உருவாகி ஆய்வகம் அதன் கீழ் வந்த பிறகும். அந்தக் காகிதங்கள் இப்போது தாமே பாதுகாக்க வேண்டிய பொருளாகிவிட்டன. அவற்றையும் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். பிரதி, மூலமாக வளர்ந்துவிட்ட கதை.

தட்டுக்கு எதிரிகள் பலர். கொடைக்கானல் ஈரம் அவர்களில் முதல் எதிரி. ஜெலட்டின் என்பது எலும்பிலிருந்து எடுத்த பசைதானே, பூஞ்சைக்கு அது விருந்து. மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிற ஊர் இது. செருப்பில் பூஞ்சை பிடித்தால் துடைத்துவிடலாம். 1915-ன் சூரியனில் பிடித்தால் துடைக்க முடியாது, வெள்ளியும் சேர்ந்து வந்துவிடும். உறையின் பசை பட்ட இடம் கறுக்கும். கீறல் விழும். கண்ணாடி உடையும். 1970-களின் நடுவில் தட்டுகள் போய் பிலிம் வந்தது. உடையாது என்ற நிம்மதியோடு சுருளும் என்ற கவலையும் வந்தது.

நூற்றாண்டின் முடிவில் முதல் ஸ்கேன் நடந்தது. 256 சாயல்களில். அன்றைக்கு அது பெரிய விஷயம், கணினியின் கொள்ளளவும் அவ்வளவுதான். கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே 256 படிகள் என்றால் புள்ளிகளை அடையாளம் காணப் போதும். ஆனால் தட்டில் இருந்த மெல்லிய சாயல் வேறுபாடுகள் அடுத்தடுத்த படிகளுக்குள் விழுந்து ஒன்றாகிவிட்டன. பிரதி எடுத்தாயிற்று, இனி மூலம் எதற்கு என்று அன்று யாராவது பெட்டிகளைக் காலி செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நம் ஊர் அலுவலகங்களில் அப்படி முடிந்த கதைகள் நிறைய. ‘ஸ்கேன் பண்ணியாச்சு, எடைக்குப் போட்டுடலாம்’ என்ற வாக்கியத்தை நானே ஓர் அலுவலகத்தின் படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறேன்.

நல்லவேளை, இங்கே போடவில்லை. இரண்டாவது முறை பெரிய ஏற்பாடு. தட்டுக்குப் பின்னால் சீரான வெளிச்சம் வேண்டும். விளக்கை நேராக வைத்தால் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். அதனால் உள்ளே வெள்ளைப் பூச்சிட்ட ஒரு பெரிய கோளத்துக்குள் விளக்கின் ஒளியைப் பலமுறை சிதறவிட்டு, ஒரு வாயிலின் வழியே மட்டும் வெளியே விட்டார்கள். வாயிலின் மேல் தட்டு. எதிரே, உறைய வைத்த சில்லுடன் ஒரு கேமரா: 4,096-க்கு 4,096, அதாவது ஒரு கோடியே 67 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 65,536 சாயல்கள். காலைச் சூரியன் ஒன்று இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட மெகாபைட். ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, தூசி தட்டி, வைத்து, எடுத்து, மீண்டும் உறையில் இட்டு, பல்லாயிரம் முறை.

அங்கேதான் குறிப்பு வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

வெளியே இருக்கிற அந்த ஆடி சூரியனைத் துரத்தும்போது ஒரு குறும்பு செய்யும். பிம்பம் இடம் மாறாமல் நிற்கும், ஆனால் தன்னிலேயே மெல்லச் சுழலும். எட்டு மணிக்கு எடுத்த படத்தில் வடக்கு ஒரு பக்கம், பத்து மணிக்கு வேறு பக்கம். எனவே தட்டில் வடக்கு எது என்று கணக்கிட, எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று தெரிய வேண்டும். நேரத்தைத் தப்பாக எழுதியிருந்தால் சூரியனே சாய்ந்துவிடும். புள்ளிகள் அட்சரேகை மாறி உட்காரும். தட்டைக் கேமராவின் முன் புரட்டி வைத்துவிட்டால் கிழக்கு மேற்காகும், அப்போது சூரியன் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கும். பழைய வரிசையில் இப்படிச் சில நாட்கள் உண்டு. மறுபடி மறுபடி சரிபார்த்துத் திருத்துகிறார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்திய நேரம் என்று இன்று நாம் சொல்வது 1906 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரயில்கள் ஓடியது சென்னை நேரப்படி, நுங்கம்பாக்கம் ஆய்வகத்தின் தீர்க்கரேகையை வைத்து. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்பது நிமிட வித்தியாசம். நேரத்தை நாட்டுக்குக் கொடுத்த ஆய்வகத்தின் வாரிசுக்கே நேரம் ஒரு தலைவலியானது.

பியானோ சுருளுக்கும் இதே நோய்தான். துளைகள் ஸ்வரத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. சுருளின் தலைப்பில் ஓர் எண் அச்சாகியிருக்கும். 70 என்றால் நிமிடத்துக்கு ஏழு அடி. ஆனால் காகிதம் சுற்றிச் சுற்றி மறு உருளை தடிக்கத் தடிக்க, இழுவை வேகம் தானாகக் கூடிக்கொண்டே போகும். சுருளை அப்படியே நகலெடுத்துத் துளையிடுகிறவர் தடிப்பில் ஓர் இழை தப்பினால் போதும், முடிவில் ஜாப்ளின் ஓடுகிறாரா நடக்கிறாரா என்று தெரியாமல் போகும். 1916-ல் அவர் நோயாளி வேறு. ‘மேப்பிள் லீஃப் ராக்’ சுருள்களில் ஒன்றில் வாசிப்பு தள்ளாடுகிறது. அந்தத் தள்ளாட்டம் கையினுடையதா, துளையிட்டவரின் கத்தரியினுடையதா, கருவியினுடையதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று அவர் இறந்தார். ஆய்வகம் மலையேறிய அதே தேதி. தற்செயல்தான், ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

இன்னொரு தற்செயலும் இருக்கிறது. ஜாப்ளின் அந்த ஆண்டு வாசித்த சுருள்களில் ஒன்றின் பெயர் ‘மேக்னெட்டிக் ராக்’. கொடைக்கானலின் கால்சியத் தட்டுகளுக்கு இன்று இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணமும் காந்தம்தான். ‘கே’ கோட்டில் பிரகாசமாகத் தெரிகிற திட்டுகள் காந்தப்புலம் வலுத்த இடங்கள். சூரியனின் காந்தப்புலத்தை முழு வட்டத்துக்கும் நாள்தோறும் நேரடியாக அளப்பது 1970-களை ஒட்டித்தான் பழக்கமானது. அதற்கு முந்திய அரை நூற்றாண்டுக்குமேல் காந்தம் எங்கெல்லாம் எழுந்தது, எப்படித் துருவம் நோக்கி நகர்ந்தது என்று கேட்டால், பதில் சொல்லக்கூடிய சாட்சிகளில் இந்தத் தட்டுகள் முக்கியமானவை. எவர்ஷெட்டுக்கு இது தெரியாது. பின்னால் யாரோ கேட்கப்போகிற கேள்விக்கு அவர் காலைதோறும் பதில் எழுதிவைத்துக்கொண்டிருந்தார்.

சேமித்ததில் இடைவெளிகளும் உண்டு. மழை மாதங்களில் பல நாட்கள் சூரியனே இல்லை. அப்போது பிரான்சின் மியூடானையும், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனையும் கேட்கிறார்கள்; கொடைக்கானலுக்கு மேகம் மூடிய நாளில் அங்கே வெயில் அடித்திருக்கும். மூன்று இடங்களின் காலைகளைக் கோத்துத்தான் ஒரு நூற்றாண்டுச் சூரியனை ஒட்டுகிறார்கள். சுருள் உலகிலும் இதே கதை. ஜாப்ளின் வாசித்த ‘பிளசன்ட் மொமண்ட்ஸ்’ சுருள் தொலைந்துபோனதாகவே வெகுகாலம் நம்பினார்கள். 2006-ல் நியூசிலாந்தில் ஒரு சேகரிப்பாளரிடம் அது இருப்பது தெரிந்தது. எங்கே வாசித்தது, எங்கே கிடைத்தது!

பழனிமலைக்கே காலம் எண்ணுகிற வேறொரு பழக்கம் உண்டு. குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. சூரியப் புள்ளிகளின் சுற்று ஏறக்குறைய பதினொன்று. ஒரே சரிவில் இரண்டு கடிகாரங்கள், ஒரு வருடம் முன்பின்னாக. குறிஞ்சியைப் பார்க்கக் கூட்டம் வருகிறது, மற்றதைப் பார்க்கத் தட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

இன்று கொடைக்கானலில் சூரியனை மின்னணுக் கேமரா பதிகிறது. இருட்டறையின் ஹைப்போ வாசனை போய்விட்டது. பழைய தட்டுகளின் பிரதிகளை உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு மாணவர் தரவிறக்கிக்கொள்ளலாம், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவர் ஒரு நாள் மூன்றாவது ஸ்கேன் கேட்கக்கூடும், இன்னும் செய்யப்படாத ஒரு கருவியில், இன்று நமக்குத் தோன்றாத ஏதோ ஒன்றைத் தேடி. அதனால் கேமராவின் முன்னிருந்து எடுத்த தட்டு குப்பைக்குப் போவதில்லை. மங்குகிற பக்கம் எது என்று ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு, விளிம்பைப் பிடித்து, மெதுவாக உறைக்குள் இறக்குகிறார்கள்.